எக்சைஸ் பாக்கியை சப்கா விஸ்வாஸ் திட்டத்தில் கட்டியதை வருமானவரிச் சட்டம் 43பி-யில் டிஸ்அலவ் (கழிவு மறுப்பு) செய்துவிட்டார்கள். வருமானவரி ட்ரிப்யூனலில் எந்தப் பாயிண்டை முன்னால் வைப்பது?

வார்ப்படக்கணக்கு கேட்டது:

கோயம்புத்தூரில் பம்ப், வால்வு வார்ப்படம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கேஸ். விவரம் இதுதான்.

2012-13 முதல் 2014-15 வரையிலான காலத்துக்கு எக்சைஸ் கமிஷனர் 2017 ஜனவரியில் ஆர்டர் போட்டார். டிமாண்டு 2.40 கோடி, அதே அளவு பெனால்டி, வட்டி தனி. 2.40 கோடியில் 1.90 கோடி மதிப்புக் குறைவு சம்பந்தப்பட்டது: வாடிக்கையாளர் இலவசமாகக் கொடுத்த பேட்டர்ன்களின் (வார்ப்பு மாதிரிகள்) விலையை ஒவ்வொரு வார்ப்படத்தின் மதிப்பிலும் பிரித்துச் சேர்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மீதி 50 லட்சம் சென்வாட் கிரெடிட்டை (வாங்கிய பொருள், சேவை மேல் கட்டிய வரியை எக்சைஸில் ஈடுகட்டும் வரவு) தவறாக எடுத்தது. 2017 ஏப்ரலில் 7.5% ஆக 18 லட்சம் ப்ரீ-டெபாசிட் கட்டி சென்னை செஸ்டாட்டில் (எக்சைஸ் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) அப்பீல் போனோம்.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே 2019 டிசம்பரில் சப்கா விஸ்வாஸ் திட்டத்தில் (பழைய எக்சைஸ், சேவை வரி வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் திட்டம்) விண்ணப்பித்தோம். 50 லட்சத்துக்கு மேற்பட்ட டிமாண்டு என்பதால் 50% கழிவு, ஆகக் கட்ட வேண்டியது 1.20 கோடி. ப்ரீ-டெபாசிட் 18 லட்சம் போக 1.02 கோடியை 24.06.2020 அன்று கட்டினோம். ஜூலையில் பாக்கி தீர்ந்ததற்கான நான்காம் படிவச் சான்றிதழ் வந்தது.

2021-22 மதிப்பீட்டு ஆண்டில் 1.20 கோடியையும் 43பி-யில் (வரி, டூட்டி போன்றவற்றைக் கட்டிய ஆண்டில் கழிவு தரும் பிரிவு) கேட்டோம். மதிப்பீட்டு அதிகாரி மூன்று காரணம் சொல்லி முழுதும் டிஸ்அலவ் செய்தார். ஒன்று, இது பழைய ஆண்டுகளின் செலவு. இரண்டு, சட்டமீறலுக்குக் கட்டியது, எனவே 37(1)-இன் (பொதுவான வணிகச் செலவுக் கழிவு) முதல் விளக்கம் தடுக்கிறது. மூன்று, 18 லட்சம் இந்த ஆண்டில் கட்டியதே இல்லை. ஃபேஸ்லெஸ் அப்பீலிலும் அப்படியே உறுதி செய்துவிட்டார்கள். ஆர்டர் போர்ட்டலில் 11.08.2025 அன்று வந்தது. கம்பெனி 115பிஏஏ-வில் (குறைந்த வரி விகிதம்) இருக்கிறது.

கேள்விகள்: மூன்றில் எது பலமான வாதம், எதில் நாம் பலவீனம்? சென்வாட் 50 லட்சத்துக்கு மாருதி சுசுகி தீர்ப்பைக் காட்டுவார்களா? 270ஏ (வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான) பெனால்டி நோட்டீஸை என்ன செய்வது? அப்பீலுக்குக் கடைசி நாள் அக்டோபர் 10 தானே?

---

நேர்முகவரி பதில்:

முதலில் கடைசிக் கேள்வி. அக்டோபர் 10 இல்லை. 01.10.2024 முதல் 253ஆம் பிரிவில் (ட்ரிப்யூனல் அப்பீல்) 60 நாள் கணக்கு போய்விட்டது. ஆர்டர் கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதம். ஆகஸ்டில் கிடைத்ததால் 31.10.2025 வரை இருக்கிறது. ஆனாலும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்; குறைபாட்டு மெமோ வந்தால் சரிசெய்ய நாள் வேண்டும்.

இனி விஷயம். அதிகாரி சொன்ன மூன்றில் முதலாவது மிகவும் பலவீனமானது. வணிகக் கணக்குமுறையில் எக்சைஸ் பொறுப்பு உற்பத்தி நடந்த அன்றே ஏற்பட்டுவிடும், நாம் அதை மறுத்து வழக்கு நடத்தினாலும் சரி, புத்தகத்தில் எழுதாவிட்டாலும் சரி. இது 1971-இல் உச்ச நீதிமன்றம் கேதார்நாத் ஜூட் வழக்கில் விற்பனை வரிக்குச் சொன்ன கொள்கை. அந்த நிலை அப்படியே இருந்திருந்தால் நீங்கள் 2012-15-இலேயே கேட்டிருக்க வேண்டும். 1984-இலிருந்து அமலுக்கு வந்த 43பி அதை மாற்றிவிட்டது: பொறுப்பு எந்த ஆண்டில் ஏற்பட்டிருந்தாலும், வழக்கமாக எந்தக் கணக்குமுறையைப் பின்பற்றினாலும், பணம் உண்மையில் கட்டிய ஆண்டில்தான் கழிவு. பழைய ஆண்டுச் செலவு என்ற ஆட்சேபத்துக்குப் பிரிவின் வாசகமே பதில். ஆர்டரில் அதிகாரி 43பி-யின் வாசகத்தை எடுத்துப் போட்டிருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் கிரவுண்டாக (அப்பீல் காரணமாக) வையுங்கள்.

இங்கே ஒரு சந்து இருக்கிறது, டிபார்ட்மென்ட் பிரதிநிதி அதில் நுழையப் பார்ப்பார். 43பி-யின் முதல் புரோவிசோ, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் முந்தைய ஆண்டிலேயே கழிவு தருகிறது. நீங்கள் கட்டியது 2020 ஜூன், அதாவது 2020-21 மதிப்பீட்டு ஆண்டின் ரிட்டர்ன் கெடுவுக்கு முன். "அப்படியானால் 2020-21-இல் கேட்டிருக்க வேண்டும்" என்பார். அந்தப் புரோவிசோ பொறுப்பு எந்த ஆண்டில் ஏற்பட்டதோ அந்த ஆண்டுக்கு மட்டும்தான். உங்கள் பொறுப்பு ஏற்பட்டது 2012-15-இல். 2019-20-க்கும் அந்தப் புரோவிசோவுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது காரணம், சட்டமீறல். 37(1)-இன் முதல் விளக்கம் தடுப்பது குற்றமான அல்லது சட்டம் தடைசெய்த காரியத்துக்காகச் செய்யும் செலவை. வார்ப்படம் செய்வது தடைசெய்த காரியம் இல்லை. அதன் மேல் விழுந்த டூட்டி குறைவாகக் கட்டப்பட்டு, பின்னர் வசூலானது. டூட்டி, டூட்டிதான். பெனால்டி இருந்தால் அது வேறு விஷயம். வட்டி தாமதத்துக்கான ஈடு என்று 1980-லேயே மகாலட்சுமி சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீடா தண்டனையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது பிரகாஷ் காட்டன் மில்ஸ், 1993. உங்கள் கேஸில் பிரிக்கவே தேவையில்லை. திட்டத்தின்படி வட்டியும் பெனால்டியும் முழுதும் தள்ளுபடி. கட்டியது அத்தனையும் டூட்டி. கட்ட வேண்டிய தொகையைத் துறை சொல்லும் மூன்றாம் படிவத்தில் அந்தக் கணக்கு இருக்கும். அந்தப் பக்கத்தைப் பேப்பர் புத்தகத்தில் முதல் பத்துப் பக்கத்துக்குள் வையுங்கள்.

நோட்டீஸில் ஐந்து வருட நீட்டிப்புக் காலத்தைப் பயன்படுத்தி "மறைப்பு" என்று எழுதியிருப்பார்கள். அதிகாரி அந்த வார்த்தையைத்தான் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். செஸ்டாட் அந்தக் குற்றச்சாட்டை முடிவு செய்யவே இல்லை, அப்பீல் திரும்பப் பெற்றதாகக் கருதப்பட்டு முடிந்துவிட்டது. குற்றச்சாட்டு நிரூபணம் ஆகாது.

நீங்கள் கட்டாயம் நிரூபிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த 1.20 கோடி எந்த ஆண்டிலும் முன்பே கழிவாகப் போகவில்லை என்பது. 2013-14 முதல் 2015-16 மதிப்பீட்டு ஆண்டுகளின் கம்ப்யூடேஷன் (வருமானக் கணக்கீடு), 3சிடி (வரித் தணிக்கை அறிக்கை) ஆகியவற்றை எடுங்கள். 2013-14-க்குப் பழைய 3சிடி படிவம், அதில் 43பி விவரம் 21ஆவது கிளாஸில் இருக்கும். புதுப் படிவத்தில் 26. இப்போதைய 2021-22 படிவத்தில் கிளாஸ் 26-இல் "முந்தைய ஆண்டு முதல் நாளில் இருந்த பொறுப்பு, இந்த ஆண்டில் கட்டியது" என்ற பகுதியில் 1.20 கோடி இருக்கிறதா? டிமாண்டு வந்த 2017-18 மதிப்பீட்டு ஆண்டுப் படிவத்தின் கிளாஸ் 41-இல் எக்சைஸ் டிமாண்டைக் காட்டியிருக்கிறீர்களா? ஆடிட்டர் கிளாஸ் 21-இல் பெனால்டி என்று தப்பித் தவறி எழுதியிருந்தால் சண்டை அங்கேயே பாதி தோற்றது.

---

பெஞ்ச்மேஜை பதில்:

மேலே சொன்னதில் 18 லட்சம் பற்றி ஒன்றும் இல்லை. உங்கள் பலவீனம் அங்கேதான்.

43பி கேட்பது "உண்மையில் கட்டியது". பணம் அரசுக் கணக்கில் போனது 2017 ஏப்ரல். டிபார்ட்மென்ட் சொல்வது: கட்டியது 2017-18, எனவே 2018-19 மதிப்பீட்டு ஆண்டு. வழக்கில் இருந்த டூட்டியைக் கட்டிய அன்றே கழிவு என்ற கருத்தை வைத்து அந்த ஆண்டிலேயே கேட்டுவிடும் கம்பெனிகள் நிறைய. அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

உங்கள் பக்கம் சொல்லக்கூடியது இது. எக்சைஸ் சட்டம் 35எஃப்-இல் கட்டும் ப்ரீ-டெபாசிட் அப்பீலை எடுத்துக்கொள்வதற்கான நிபந்தனை. அப்பீலில் வென்றால் 35எஃப்எஃப்-படி கட்டிய நாளிலிருந்து வட்டியோடு திரும்ப வரும். டூட்டி ரீஃபண்டுக்கு உரிய 11பி விண்ணப்பமோ, சுமையை வாடிக்கையாளர் மேல் ஏற்றவில்லை என்று காட்டும் சோதனையோ அதற்குக் கிடையாது. ஆகவே அப்பீல் முடியும் வரை அது டெபாசிட். புத்தகத்திலும் "வருவாய்த் துறையிடம் இருப்பு" என்று சொத்துப் பக்கத்தில்தான் காட்டியிருப்பீர்கள். 2018, 2019, 2020 மார்ச் பேலன்ஸ் ஷீட்களை வையுங்கள். திட்டத்தில் அது கட்ட வேண்டிய தொகையில் கழிக்கப்பட்டபோதுதான் டூட்டியாக மாறியது.

உடனே அடுத்த கேள்வி வரும்: மாறியது எந்தத் தேதி? மூன்றாம் படிவம் 2020 மார்ச்சுக்குள் வந்திருந்தால், "கழித்தது 2019-20, எனவே 2020-21 மதிப்பீட்டு ஆண்டு" என்று மூன்றாவதாக ஓர் ஆண்டு முளைக்கும். மூன்றாம் படிவம் வெறும் கணக்குத் தாள். கெடுவான 30.06.2020-க்குள் 1.02 கோடி போகாமல் இருந்திருந்தால் விண்ணப்பம் காலாவதி, செஸ்டாட் அப்பீல் உயிரோடு தொடரும், 18 லட்சம் டெபாசிட்டாகவே கிடக்கும். முழுப் பணமும் போய் நான்காம் படிவம் வந்ததுதான் அதை டூட்டியாக்கியது. இரண்டும் 2020-21 நிதியாண்டு. இந்த வரிசையைத் தேதியோடு ஒரே பக்க அட்டவணையாகப் போடுங்கள். உறுப்பினர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படிப்பார்கள்.

இதையும் மீறி 18 லட்சம் போனால் இழப்பு 25.168% வீதம் 4.53 லட்சம். எனவே மாற்று கிரவுண்டு ஒன்று போடுங்கள்: 2021-22-இல் இல்லை என்றால் 2018-19-இல் அனுமதிக்கும்படி உத்தரவு. முதலிலேயே போடாவிட்டால் பிறகு ட்ரிப்யூனல் விதி 11-இன் கீழ் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதற்கு முன் 2018-19 3சிடியை ஒரு தடவை பாருங்கள். அங்கேயும் 18 லட்சத்தைக் கேட்டிருந்தால், இங்கே கேட்டதை இன்றே விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டிலும் கேட்ட கம்பெனி என்று தெரிந்தால் மற்ற 1.02 கோடி வாதமும் எடுபடாது.

---

வார்ப்படக்கணக்கு:

நன்றிங்க சார். 2018-19-இல் கேட்கவில்லை, சொத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்வாட் 50 லட்சம் பிரிவு: 42 லட்சம் தொழிற்சாலை வாசலிலிருந்து வாடிக்கையாளர் இடம் வரை போன சரக்குப் போக்குவரத்துச் சேவை வரி, 8 லட்சம் ஒரு மோல்டிங் இயந்திரத்தின் கேபிடல் கூட்ஸ் கிரெடிட். இன்னொன்று: 2016-17-இல் 2.40 கோடிக்கும் புரொவிஷன் போட்டு, கம்ப்யூடேஷனில் 43பி என்று நாமே கூட்டிவிட்டோம். 2020-21-இல் மிச்ச 1.20 கோடியை லாபநட்டக் கணக்கில் திருப்பி வரவு வைத்திருக்கிறார்கள்.

---

கிரெடிட்லெட்ஜர் பதில்:

மாருதி சுசுகியைக் கட்டாயம் காட்டுவார்கள். 07.02.2020 தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கின் விஷயம் வேறு. ஆண்டு முடிவில் பயன்படுத்தாமல் கிடந்த மாட்வாட் (சென்வாட்டுக்கு முந்தைய முறை) கிரெடிட்டை 43பி-யில் கேட்டார்கள். அந்த டூட்டி மூலப்பொருள் விற்றவரின் பொறுப்பு, வாங்கியவர் அதை விலையோடு சேர்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான். எனவே வாங்கியவர் கட்டிய டூட்டி ஆகாது என்றார்கள். உங்கள் 42 லட்சம் அப்படி இல்லை. சென்வாட் விதி 14, பிரிவு 11ஏ இரண்டையும் சேர்த்து உங்கள் பெயரில் டிமாண்டு போட்டு உங்களிடமே வசூலித்தது. அதற்குப் பொறுப்பாளி நீங்கள்தான். இது பிரதான வாதம். மாற்று வாதம் 37(1): கிரெடிட்டை ஒதுக்கி மீதியை மட்டும் செலவாக எழுதும் முறையில் கணக்கு வைத்திருந்தீர்கள் என்றால், அந்தச் சேவை வரி எப்போதும் லாபநட்டக் கணக்குக்கு வரவே இல்லை. கிரெடிட் மறுக்கப்பட்ட பிறகு அது வெளியே செல்லும் சரக்கின் வாடகையில் ஒரு பகுதி, வருவாய்ச் செலவு. 2018 பிப்ரவரியில் அல்ட்ராடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாடிக்கையாளர் இடம் வரையான போக்குவரத்துக்குக் கிரெடிட் இல்லை என்று சொன்னதால், அப்பீலில் வெல்வது கடினமாகிவிட்டது, சமரசம் செய்ததில் வணிக நியாயம் உண்டு என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

8 லட்சத்தில் மட்டும் நீங்களே பின்வாங்குங்கள். இயந்திரம் வாங்கியபோது கிரெடிட் எடுத்ததால் 43(1)-இன் ஒன்பதாம் விளக்கப்படி அடக்கவிலையில் அதைக் குறைத்திருப்பீர்கள். கிரெடிட் போய்விட்டால் அது அடக்கவிலைக்குத் திரும்ப வேண்டியது, வருவாய்ச் செலவு இல்லை. திட்டத்தில் பாதிதான் கட்டியதால் தொகை 4 லட்சம். ஆகக் கேட்க வேண்டியது 43பி-யில் 1.16 கோடி, 4 லட்சத்தை 15% பிளாக்கில் சேர்த்துத் தேய்மானம். இதை நீங்களாகவே கிரவுண்டில் சொன்னால் மற்றதற்கு நம்பகத்தன்மை கூடும். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் 270ஏ-க்குத் தீனி. கட்டிய 1.20 கோடி எந்தத் தலைப்புக்குப் போனது என்று நான்காம் படிவத்தில் பிரிவு இருக்காது, எனவே 1.90-க்கு 95 லட்சம், 50-க்கு 25 லட்சம் என்று விகிதக் கணக்கை ஒரு தாளில் போட்டு ஆடிட்டர் கையெழுத்தோடு வையுங்கள்.

திருப்பி வரவு வைத்த 1.20 கோடியைக் கம்ப்யூடேஷனில் கழித்தீர்களா? இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 41(1) பொருந்துவது முன்பு கழிவு கிடைத்த பொறுப்பு தள்ளுபடியானால் மட்டும். 2016-17-இல் நீங்களே கூட்டிவிட்டதால் கழிவு கிடைக்கவே இல்லை. கழிக்காமல் வரி கட்டியிருந்தால் அதுவும் 30 லட்சம். ரிட்டர்னில் விட்டிருந்தாலும் ட்ரிப்யூனலில் கூடுதல் கிரவுண்டாக எடுக்கலாம். ரிட்டர்னில் கேட்காததைப் பிறகு தரக் கூடாது என்ற கோயட்ஸ் (Goetze) தீர்ப்பின் தடை மதிப்பீட்டு அதிகாரிக்குத்தான், ட்ரிப்யூனலுக்கு இல்லை என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. விவரங்கள் ஏற்கனவே ரெக்கார்டில் இருந்தால் 1998 என்டிபிசி தீர்ப்பு போதும்.

அப்புறம் ஒரு கேள்வி. பேட்டர்ன் விஷயத்தில் வாடிக்கையாளரிடம் சப்ளிமென்டரி இன்வாய்ஸ் போட்டு ஏதாவது வசூலித்தீர்களா? வசூலித்திருந்தால் அது வருமானத்தில் வந்திருக்க வேண்டும்.

---

நேர்முகவரி பதில்:

கேபிடல் கூட்ஸ் பாயிண்ட் நல்ல பிடி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நடைமுறை. படிவம் 36-ஐ ட்ரிப்யூனலின் இ-ஃபைலிங் தளத்தில் போட்டு, மதிப்பீட்டு ஆர்டர், அப்பீல் ஆர்டர், படிவம் 35 (முதல் அப்பீல் படிவம்), அதனுடன் கொடுத்த ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் எல்லாம் இணையுங்கள். கட்டணம் மதிப்பிட்ட வருமானத்தில் 1%, உச்சவரம்பு 10,000 ரூபாய், உங்களுக்கு 10,000. மதிப்பிட்ட வருமானம் 50 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒற்றை உறுப்பினர் பெஞ்சுக்குப் போகாது. கிரவுண்டுகளில் வாதம் எழுதாதீர்கள், தீர்ப்புப் பெயர்களும் வேண்டாம். ஒரு கிரவுண்டு, இரண்டு மூன்று வரி. நான்காம் படிவத்தைக் கீழே எங்கும் கொடுக்கவில்லை என்றால் புது ஆதாரம் சேர்க்க விதி 29 மனு தனியாக வேண்டும். பேப்பர் புத்தகத்தில் சொருகிவிட்டால் போதும் என்று நினைத்து நிறைய கேஸ் திருப்பி அனுப்பப்படுகிறது.

வசூல் நெருக்கினால் 254(2ஏ)-இல் ஸ்டே மனு, கட்டணம் 500. குறைந்தது 20% கட்டியிருக்க வேண்டும் அல்லது ஜாமீன் தர வேண்டும். முதல் அப்பீலின்போது 20% கட்டியிருந்தால் அந்தச் சலானை இணையுங்கள். ஸ்டே 180 நாள், நீட்டித்தால் மொத்தம் 365. அதற்கு மேல் தாமதம் உங்களால் இல்லை என்றால் தானாக ரத்தாகாது, 2021 பெப்சி ஃபுட்ஸ் தீர்ப்பு.

270ஏ நோட்டீஸுக்குப் பதில் போட்டு, அப்பீல் முடியும் வரை நிறுத்திவைக்கக் கேளுங்கள். 270ஏஏ பெனால்டி விலக்கு அப்பீல் போனவர்களுக்குக் கிடையாது, அதை மறந்துவிடலாம். பதிலில் 270ஏ(6)-இன் முதல் உட்பிரிவைச் சொல்லுங்கள்: விளக்கம் நேர்மையானது, எல்லா விவரமும் 3சிடியிலேயே வெளியிடப்பட்டது. கிளாஸ் 26, 41 சரியாக இருந்தால் இது நிற்கும்.

இன்னொன்று. வரி விளைவு 1.20 கோடிக்கு 30.20 லட்சம்தான். உயர் நீதிமன்றத்துக்கு டிபார்ட்மென்ட் போக 2 கோடி வரம்பு, 2024 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி. விதிவிலக்கான வகைகளில் வராவிட்டால் சென்னை பெஞ்ச் உங்கள் பக்கம் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை கடைசி. உங்களுக்கு மட்டும் 260ஏ (உயர் நீதிமன்ற அப்பீல்) திறந்திருக்கும். அதனால் டிபார்ட்மென்ட் பிரதிநிதி வழக்கமாக "அதிகாரிக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பார். ஆதாரம் முழுமையாக இருந்தால் திருப்பி அனுப்ப அவசியம் இல்லை என்று எதிர்த்துச் சொல்லுங்கள். திரும்பிப் போனால் இன்னொரு சுற்று முதலிலிருந்து தொடங்கும்.

---

வார்ப்படக்கணக்கு:

சப்ளிமென்டரி இன்வாய்ஸ் போடவில்லைங்க, வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பி வரவு வைத்த 1.20 கோடியைக் கம்ப்யூடேஷனில் பார்த்தேன், கழிக்கவில்லை. கூடுதல் கிரவுண்டாகப் போடுவதா, 154-இல் திருத்தம் கேட்பதா?

---

கிரெடிட்லெட்ஜர் பதில்:

154-க்கு ஆர்டர் தேதியிட்ட நிதியாண்டு முடிவிலிருந்து நான்கு வருடம், எனவே கெடு இருக்கும். ஆனால் ரிட்டர்னில் நீங்களே வருமானமாகக் காட்டியதை "பதிவில் தெரியும் பிழை" என்று அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார், விவாதத்துக்கு உரியது என்று நிராகரிப்பார். ட்ரிப்யூனலில் படிவம் 36-லேயே போடுங்கள். 2017-18 மதிப்பீட்டு ஆண்டுக் கம்ப்யூடேஷனில் 2.40 கோடி கூட்டிய பக்கம், அந்த ஆண்டின் இன்டிமேஷன் அல்லது மதிப்பீட்டு ஆர்டர், 2020-21 லாபநட்டக் கணக்கில் வரவு வைத்த ஷெட்யூல், மூன்றும் இருந்தால் போதும். புரொவிஷன் கணக்கின் லெட்ஜரை 2017 ஜனவரி முதல் 2021 மார்ச் வரை ஒரே பிரின்டாக எடுத்து வையுங்கள்: 2.40 வரவு, 1.02 பற்று, 18 லட்சம் டெபாசிட் கணக்கிலிருந்து மாற்றம், 1.20 லாபநட்டக் கணக்குக்கு, மிச்சம் பூஜ்யம். டெபாசிட் மாற்றப் பதிவின் தேதி 2020 ஜூலைக்கு முன்னால் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 31 என்று போட்டிருந்தால் மேலே சொன்ன 18 லட்ச வாதத்தையே உங்கள் லெட்ஜர் மறுக்கும், அதற்கு விளக்கம் தயாராக வேண்டும்.